சேலையூர்ல ஒரு டாக்கோ கடை போடலாமா? சேமிப்பைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பிளேட்டோட கணக்கு



எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோ போட்டாலே ஒரு கேள்வி தவறாம வரும். "5 லட்சம் சேர்த்துட்டேன், வேலையை விட்டுட்டு சின்னதா ஒரு ஃபுட் பிசினஸ் ஆரம்பிக்கலாமா?" ஓஎம்ஆர்லயோ மெப்ஸ்லயோ வேலை பார்த்துட்டு தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கிற நிறைய பேருக்கு இந்த ஆசை உண்டு. ராத்திரி கேம்ப் ரோடுல இறங்கினா ஷவர்மா கடை, மோமோ கடை, காளான் வண்டின்னு எல்லா இடத்துலயும் கூட்டம். அதைப் பார்க்கிற யாருக்கும் "இவங்க நம்மளை விட நல்லா சம்பாதிக்கிறாங்க போல" அப்படின்னு தோணத்தான் செய்யும்.

இன்னைக்கு அதை ஒரு உதாரணத்தோட முழுசா கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணம் டாக்கோ. மெக்சிகோ தெருவுல விக்கிற மாதிரி சின்ன சோள ரொட்டி, மேல கிரில் பண்ண கறி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, கார சல்சா. ஷவர்மா கடை ஏற்கனவே தெருவுக்கு நாலு இருக்கு, இது இல்லை, அதனால "போட்டியே இல்லாத ஐடியா" மாதிரி தெரியும். அங்கதான் நாம கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

வெளிநாட்டுத் தெருச் சாப்பாடு சென்னைக்குப் புதுசு இல்லை

பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போயிருக்கீங்களா? வரிசையா அத்தோ கடை இருக்கும். அத்தோ பர்மா சாப்பாடு. பர்மிய மொழியில 'அத்தோ'ன்னா கலந்து பிசைஞ்ச சாலட் மாதிரி ஒரு பதார்த்தம்.

இந்த சாப்பாடு எப்படி வந்துச்சுங்கிறதே ஒரு ஃபைனான்ஸ் பாடம். தலைமுறை தலைமுறையா பர்மாவுல வியாபாரம் பண்ணிட்டு இருந்த தமிழர்கள், 1962-ல நெ வின் ராணுவ ஆட்சியைப் பிடிச்ச பிறகு கூட்டம் கூட்டமா திரும்பி வந்தாங்க. கடைகளையும் கம்பெனிகளையும் அரசு எடுத்துக்கிச்சு. 1964-ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கையில ரொக்கமா சேர்த்து வச்சிருந்தவங்களுக்கு ஒரே நாள்ல அது வெறும் காகிதம். கப்பல்ல வந்து இறங்கினவங்கள்ல பல பேர் வியாசர்பாடி மாதிரி இடங்கள்ல குடியேறினாங்க. 1969-ல பர்மா பஜார் உருவாச்சு. அத்தோ தள்ளுவண்டியும் அந்த மக்களோடதான் வந்தது.

சேமிப்பே இல்லாதவங்க ஆரம்பிச்ச தொழில் 50 வருஷத்துக்கு மேல எப்படி நிக்குது? ஒரு பிளேட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, விடை அதுக்குள்ளயே இருக்கு.

தடிமனான ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முன்கூட்டியே வேக வச்சது. பொடியா நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம். பூண்டு எண்ணெய், வறுத்த வெங்காயம், புளித் தண்ணி, வரமிளகாய்த் தூள், உப்பு. மேல நொறுக்கிப் போடுற மொறுமொறு பேஜோ. எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு கொடுப்பாங்க. ஆர்டர் வந்த பிறகு அடுப்புல வேலை கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அதனால ஒரு ஆள், ஒரு பேசின், ஒரு நிமிஷத்துல ஒரு பிளேட். கூட வர்ற வாழைத்தண்டு சூப் பெரிய அண்டாவுல கொதிச்சுட்டே இருக்கும். கறி கட்டாயம் இல்லை, முட்டை வேணும்னா தனிக் காசு. மிஞ்சினா கெட்டுப்போற சரக்கும் ரொம்பக் குறைவு. அதே பூண்டு எண்ணெய், அதே வறுத்த வெங்காயம், அதே புளித் தண்ணிதான் முட்டைக்கும் போகுது, மொய்ங்காவுக்கும் போகுது.

இன்னொண்ணும் இருக்கு. பர்மாவுல மொய்ங்கா மீன் குழம்புல செய்யறது. இங்க தள்ளுவண்டியில பெரும்பாலும் மீன் கிடையாது. ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. 'ஒரிஜினல்' பத்தி ரொம்பக் கவலைப்படுறது சாப்பிடுற நம்மதான். விக்கிறவங்களுக்கு நாளைக்கும் கடை திறக்கணும்.

மெக்சிகோவுலயும் இதே கதைதான்

மெக்சிகோவுல ரொம்பப் பிரபலமான 'அல் பாஸ்தோர்' டாக்கோ, லெபனான்ல இருந்து அங்க குடியேறினவங்க கொண்டுபோன ஷவர்மாவோட வாரிசு. செங்குத்தா சுத்துற அதே கம்பி. ஆட்டுக்கறிக்குப் பதிலா பன்றி, பிட்டாவுக்குப் பதிலா சோள ரொட்டி. ஆக, நம்ம ஷவர்மா கடைக்காரர் நினைச்சா நாளைக்கே டாக்கோ போடலாம், மெஷின் அவர்கிட்ட ஏற்கனவே இருக்கு. "போட்டியே இல்லை"ன்னு நினைச்சவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

மெக்சிகோ சிட்டியில 'எல் கலிஃபா தெ லெயோன்' அப்படின்னு ஒரு டாக்கோ கடை, 1968-ல இருந்து இருக்கு. அகலம் சுமார் பத்தடி, நீளம் சுமார் பத்தடி. 2024 மே மாசம் அதுக்கு மிஷ்லின் ஸ்டார் கிடைச்சது. மெனுவுல மொத்தம் நாலே டாக்கோ. நாலு ஐட்டம்னா வாங்க வேண்டிய சரக்கு குறைவு, வேஸ்ட் குறைவு, கை வேகம் அதிகம். நம்ம ஊர்ல புதுசா கடை போடுறவங்க முதல் மாசமே 40 ஐட்டம் மெனு கார்டு அடிக்கிறாங்க, எனக்கு அது இன்னும் புரியல.

சோள ரொட்டி விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. மெக்சிகோவுல சோளத்தை சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு, ஊற வச்சு, தோல் நீக்கி அரைக்கிறாங்க. அப்பதான் மாவு ஒட்டிக்கிட்டு, கிழியாம ரொட்டி வரும். நம்ம கடையில கிடைக்கிற சாதா மக்காச்சோள மாவுல அது வராது, விண்டு போயிடும். ஒண்ணு, வெளிநாட்டு மாவை வாங்கணும். இல்ல, நீங்களே தினமும் சுண்ணாம்புல வேக வச்சு அரைக்கணும். இல்லைன்னா மைதா ரொட்டிக்கு மாறணும். இதுல எதைத் தேர்ந்தெடுக்குறீங்களோ, அதுதான் உங்க பிளேட் விலையைத் தீர்மானிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம்

கீழ இருக்கிற எண்கள் எல்லாம் நான் கணக்குக்காக வச்சுக்கிட்டவை. உங்க தெருவுல வாடகை வேற இருக்கும், கறி விலை வேற இருக்கும். முறையை மட்டும் பிடிச்சுக்கோங்க, எண்ணை மாத்திக்கோங்க.

மூணு சிக்கன் டாக்கோ கொண்ட ஒரு பிளேட், விலை 120 ரூபாய். ரொட்டி மூணுக்கு 18, சிக்கன் 35, சல்சா, வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய் 9, தட்டு, டிஷ்யூ 4. வீணாகிறதுக்கு 4. மொத்தம் 70. ஒரு பிளேட்டுல மிஞ்சுறது 50 ரூபாய். இந்த 50-ஐ லாபம்னு சொல்லாதீங்க. இதுலதான் கடையே ஓடணும். இதுக்கு 'கான்ட்ரிப்யூஷன்'னு பேரு.

இப்ப மாசச் செலவு. மெயின் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன கடை வாடகை 18,000. சமையல் ஆள் 20,000, ஹெல்பர் 13,000. கரண்ட் 5,000, கேஸ் 7,000. தண்ணி, கிளீனிங், இதர 4,000. ஆக 67,000. இது ஒரு பிளேட் கூட விக்கலைன்னாலும் போற காசு. (கேஸ்ல ஒரு பகுதி விற்பனையோட ஏறி இறங்கும், இப்போதைக்கு விடுங்க. ஆனா 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை கடையில வைக்கிற ஐடியா மட்டும் வேண்டாம், அது சட்டப்படி தப்பு. 19 கிலோ கமர்ஷியல்தான் வைக்கணும்.)

67,000-ஐ 50-ஆல வகுத்தா 1,340 பிளேட். மாசம் 26 நாள் திறந்தா ஒரு நாளைக்கு 52 பிளேட். 52 பிளேட் வித்தா கடைக்கு நஷ்டம் இல்லை. உங்களுக்கு? ஒரு பைசா இல்லை.

நீங்க இப்ப கையில வாங்குற சம்பளம் 45,000-ன்னு வச்சுக்குவோம். அதையும் கடையே கொடுக்கணும்னா 1,12,000 வேணும். 2,240 பிளேட், ஒரு நாளைக்கு 87.

இங்கதான் பெரும்பாலான எக்ஸெல் ஷீட் நின்னுடும். ஆனா 87 பிளேட் வித்தா வருஷ விற்பனை 32 லட்சத்தைத் தாண்டும். சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சத்துக்கு மேல போனா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். (52 பிளேட்ல வருஷ விற்பனை 19.5 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கும். அதாவது நீங்க சம்பாதிக்கவே ஆரம்பிக்காத இடத்துலயே வரம்பு வந்துடுது.) சின்ன உணவகங்கள் காம்போசிஷன் திட்டத்துல சேர்ந்து விற்பனையில 5 சதவீதம் கட்டலாம், ஆனா அதை வாடிக்கையாளர்கிட்ட தனியா வசூலிக்கக் கூடாது. 120-ல 6 ரூபாய் உங்க கையில இருந்து போகும். சாதாரண முறையில போனா பில்லுல 5 சதவீதம் சேர்த்து 126 வாங்கலாம், ஆனா வாடகைக்கோ ஃப்ரிட்ஜுக்கோ நீங்க கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்க முடியாது.

காம்போசிஷன்னே வச்சுக்கோங்க. 50, 44 ஆகுது. இப்ப தேவை ஒரு நாளைக்கு 98 பிளேட். சாயங்காலம் 6 மணியில இருந்து 10:30 வரைக்கும் கடைன்னா, மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு பிளேட், நிக்காம நாலரை மணி நேரம். அத்தோக்காரர் ஏன் அடுப்பை நம்பாம பேசின்ல பிசையறார்னு இப்ப தெரியுதா? அவரோட வேகம்தான் அவரோட மூலதனம்.

5 லட்சம் போதுமா?

வாடகை 18,000-க்குப் பத்து மாச அட்வான்ஸ் 1,80,000. தோசைக்கல், பர்னர், ஸ்டீல் கவுண்டர் 90,000. ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் 45,000. போர்டு, லைட், பெயின்ட் 60,000. லைசென்ஸ், முதல் சரக்கு 25,000. கூட்டினா 4 லட்சம். "அப்ப இன்னும் ஒரு லட்சம் கையில இருக்கே!"

கடை திறந்த முதல் நாளே 98 பிளேட் போகாது. முதல் மூணு மாசம் 25 பிளேட்னு வைங்க. மாசம் 34,500 நஷ்டம், மூணு மாசத்துக்கு 1,03,500. அடுத்த மூணு மாசம் 40 பிளேட்டுன்னா மாசம் 15,000 நஷ்டம், 45,000. இந்த ஆறு மாசமும் உங்க வீட்டுச் செலவு, ரொம்ப சுருக்கி 25,000 வீதம் 1,50,000. ஆக மொத்தம் 6,98,500.

ஏழு லட்சம் தேவைப்படுற தொழிலை அஞ்சு லட்சத்தோட ஆரம்பிக்கிறவங்களுக்கு, ரெண்டாவது மாசமே சிக்கல் வரும். கடை மெதுவா சூடு பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காசு தீர்ந்துபோகும். சாப்பாடு நல்லா இருந்தும் மூடுற கடைகள் இப்படித்தான் மூடுது.

அப்ப பர்சனல் லோன் எடுத்தா? 4 லட்சம், 14 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,670. இன்னும் 12 பிளேட் கூடுதலா விக்கணும். 98, 110 ஆகுது. அதுவும் சம்பளத்துல இருக்கும்போதே லோன் வாங்கிட்டு அப்புறம் வேலையை விடுறது ரொம்ப ஆபத்தான வேலை. கட்டத் தவறினா சிபில் ஸ்கோர் விழும், அடுத்த அஞ்சு வருஷத்துல வாங்க நினைச்ச வீட்டுக் கடனும் அதோட போகும். கடன் வேணும்னா தொழில் கடனாவே கேளுங்க. முத்ரா திட்டத்துல 'கிஷோர்' பிரிவு 50,000-க்கு மேல 5 லட்சம் வரைக்கும், அடமானம் இல்லாம. தள்ளுவண்டியில ஆரம்பிக்கிறவங்களுக்கு 2020-ல வந்த பிஎம் ஸ்வநிதி திட்டம் இருக்கு. முதல் தவணை 10,000-ஆ இருந்தது, 2025-ல 15,000 ஆக்கினாங்க. மாநகராட்சி கொடுக்கிற வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தேவைப்படும்.

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு செலவு உண்டு: மழை. நவம்பர், டிசம்பர்ல தாம்பரம் சுத்துவட்டாரம் எப்படி இருக்கும்னு 2015-லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் பார்த்திருக்கோம். ஒரு மாசத்துல எட்டு நாள் கடை திறக்க முடியலைன்னா 18 நாள்தான். நல்லா ஓடுற 98 பிளேட் கடைக்கே அந்த மாசம் மிஞ்சுறது 10,600 ரூபாய் சொச்சம். இஎம்ஐ இருந்தா அந்த மாசம் கைக்காசு போடணும். காலேஜ் பசங்களை நம்பிக் கடை போட்டிருந்தா மே மாசமும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ஆப்ல போட்டா விற்பனை ஏறுமே?

ஏறும். ஆனா 120 ரூபாய் பிளேட்டுக்கு 25 சதவீதம் கமிஷன்னு வச்சா 30 ரூபாய், அந்த கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5.40, டப்பா கூடுதல் 8. ஐம்பதுல மிஞ்சுறது 6 ரூபாய் 60 காசு. அதனாலதான் ஆப்ல விலையை ஏத்தி வைக்கிறாங்க. 160-ன்னு வச்சா கடைக்காரருக்கு சுமார் 35 மிஞ்சும்.

இப்ப வாங்குறவர் பக்கம் வாங்க, ஏன்னா இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் கடை போடப் போறதில்ல, ஆர்டர் பண்ணத்தான் போறோம். 160-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 8. கடை ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன கடையா இருந்தாலும், 2022 ஜனவரியில இருந்து ஆப் மூலமா வாங்கினா இந்த வரி உண்டு. டெலிவரி 30, பிளாட்ஃபார்ம் ஃபீ 12, அது ரெண்டுக்கும் 18 சதவீதம் 7.56. மொத்தம் 217 ரூபாய் 56 காசு. நடந்து போய் நின்னு சாப்பிட்டா 120. வித்தியாசம் சுமார் 98 ரூபாய். வாரம் மூணு தடவைன்னா வருஷத்துக்கு 15,288. பக்கத்துத் தெருவுல இருக்கிற கடைக்கு!

நேர்ல போறப்ப பில்லையும் பாருங்க. காம்போசிஷன் கடைன்னு பில்லுல போட்டிருந்தா ஜிஎஸ்டி தனியா கேக்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு.

அப்ப கடை போடவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லல. வேலையை விடாம சோதிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். அப்பார்ட்மென்ட் விழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், வார இறுதி ஸ்டால், இப்படி ஒரு எட்டு வாரம். உணவுப் பாதுகாப்புப் பதிவு சின்ன ஸ்டாலுக்கும் வேணும், அதை முதல்லயே வாங்கிடுங்க. அட்வான்ஸும் போர்டும் இல்லாம, உங்க ரொட்டி கிழியுதா, பிளேட்டுக்கு உண்மையிலேயே 70-தான் ஆகுதா, ஒரே ஆள் ரெண்டாவது தடவை வர்றாரா, இது மூணும் தெரிஞ்சுடும். மூணாவது கேள்விதான் முக்கியம். புதுசா இருக்குன்னு ஒரு தடவை எல்லாரும் சாப்பிடுவாங்க.

ஆரம்பிக்கும் முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேற தொழில் செய்யக் கூடாதுன்னு ஷரத்து இருந்தா எழுதி அனுமதி வாங்கணும். ஸ்டால் வருமானத்தை வருமான வரியில காட்டணும். 44ஏடி பிரிவுல அனுமான வருமானம்னு ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், யுபிஐ, பேங்க் மூலமா வந்ததுக்கு 6 சதவீதம் காட்டலாம். ஆனா அப்ப ஐடிஆர்-1 போட முடியாது, பொதுவா ஐடிஆர்-4.

வேலையை விடுறதுதான் முடிவுன்னா, விடுறதுக்கு முன்னாடி சொந்தமா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. கம்பெனி பாலிசி பொதுவா வேலையோடவே போயிடும், அப்பா அம்மா அதுல இருந்தா இன்னும் கவனம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிஎஃப் பணத்தை இதுல கொட்டாதீங்க. அஞ்சு வருஷ தொடர் சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரும், 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. நீங்க கடை போட நினைக்கிற தெருவுல ஏற்கனவே நல்லா ஓடுற ஒரு கடைக்கு எதிர்ல ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு, ராத்திரி 7-ல இருந்து 9 வரைக்கும் ஒரு டீயை வாங்கிட்டு நில்லுங்க. எத்தனை பிளேட் போகுதுன்னு எண்ணுங்க, போன்ல டிக் போட்டுட்டே. செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையை மட்டும் தனியா எழுதி வைங்க. ஞாயிறு கூட்டத்தை எல்லாருமே பார்த்திருப்போம், வாடகை செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்துத்தான் வாங்குறாங்க.